கத்னாவுக்கு மருத்துவம் சொன்ன காரணங்கள்

எமது பள்ளிவாசல் பிரசங்கங்களிலும் மார்க்கச் சஞ்சிகைகளிலும் கத்னா பற்றிப் பேச்சு வந்தால் ஒரு வாசகம் தவறாமல் இடம்பெறும். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் மார்க்கம் காட்டித் தந்ததை இன்றைய மருத்துவம் ஒப்புக்கொண்டுவிட்டது என்பதே அது. சொல்பவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் எந்த மருத்துவம், எந்தக் காலத்தில், எந்தக் காரணத்தைச் சொல்லி ஒப்புக்கொண்டது என்று நாம் கேட்டுப் பார்ப்பது குறைவு. கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை அவ்வளவு ஆறுதலானதாக இராது. பிள்ளையின் உடலில் கத்தி படும் விடயம் ஆதலால் அந்த விடையை அறிந்து வைத்திருக்கும் கடமை எமக்குண்டு.

கத்னாவுக்கு இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று, இப்றாஹீம் (அலை) அவர்களின் வழியில் யூதரும் முஸ்லிம்களும் பேணிவரும் சடங்கின் வரலாறு. மற்றது, அச்சடங்கு இல்லாத ஆங்கிலம் பேசும் நாடுகளில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மருத்துவர்களின் கையில் பிறந்த ஒரு வழக்கத்தின் வரலாறு. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்குழந்தைகள் எல்லோருக்கும் ஒரு சத்திரசிகிச்சையைச் செய்துவிடுவது என்ற இந்த இரண்டாவது வழக்கத்தை ஒட்டியே மருத்துவ அறவியலில் பெரும் விவாதம் எழுந்தது.

லண்டனில் ஜொனதன் ஹட்சின்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தமது வைத்தியசாலைக்கு வந்த யூத நோயாளரிடையே சிபிலிஸ் நோய் குறைவாக இருப்பதைக் கண்டு, கத்னாவே அதற்குக் காரணம் என 1855இல் எழுதினார். 1870இல் நியூயோர்க்கில் லூயிஸ் செயர் என்ற என்பியல் நிபுணரிடம், கால்களை நீட்டி நடக்க இயலாத ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். அவனது முன்தோலில் ஏற்பட்ட உறுத்தலே நரம்புகள் வழியாகக் கால்களை முடக்கிவிட்டது என்று செயர் முடிவு செய்து கத்னா செய்தார். சிறுவன் தேறினான். அந்த ஒரு சம்பவத்திலிருந்து ஒரு கொள்கையே வளர்ந்தது. முடக்குவாதம், வலிப்பு, குடலிறக்கம் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நோய்கள் பலவற்றுக்கும் முன்தோலே மூலம் எனப்பட்டது. செயர் ஒரு போலி வைத்தியர் அல்லர். 1880இல் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

அக்காலத்தில் இன்னொரு காரணமும் உரத்துச் சொல்லப்பட்டது. சுயஇன்பப் பழக்கம் உடலையும் புத்தியையும் கெடுக்கும் நோய் என மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. சோளப்பொரி உணவால் இன்று பெயர் அறியப்படும் ஜோன் ஹார்வே கெலொக், அப்பழக்கமுள்ள சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுக்காமலே கத்னா செய்ய வேண்டும் எனத் தமது நூலில் எழுதினார். அந்த வலி தண்டனையாக மனதில் பதிந்து பயன் தரும் என்பது அவரது வாதம். மார்க்கம் சுன்னத்தாகக் கண்ட ஒன்றை இம்மருத்துவம் தண்டனையாகக் கண்டிருக்கிறது. மருத்துவம் எம்மோடு உடன்பட்டதாக நாம் பெருமை கொள்ளும்போது இந்த உடன்பாட்டையும் சேர்த்தே எண்ண வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டடத்தை முதலில் அசைத்தவர் டக்ளஸ் கெயார்ட்னர் என்ற பிரித்தானியக் குழந்தை மருத்துவர். 1949 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான அவரது கட்டுரை மிக எளிய ஒரு விடயத்தைச் சொன்னது. பிறந்த குழந்தையின் முன்தோல் உள்ளுறுப்போடு ஒட்டியே இருக்கும். வயது ஏற ஏற அது தானாகப் பிரியும். அவர் பரிசோதித்த குழந்தைகளில் பிறந்தவுடன் தோலைப் பின்னிழுக்கக்கூடியதாக இருந்தது 4 வீதத்தினரிடம். மூன்று வயதில் 90 வீதத்தினரிடம். இது இன்னும் மெதுவாக நிகழ்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அப்படியானால், பிறவியிலேயே முன்தோல் இறுக்கம் என்று பெயரிட்டு வெட்டப்பட்டவற்றுள் மிகப்பல எந்த நோயுமற்ற இயல்பு நிலையே. இன்னொரு கணக்கையும் அவர் வைத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்தச் சத்திரசிகிச்சையை ஒட்டி ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 சிறு குழந்தைகள் இறந்துகொண்டிருந்தன. பெரும்பாலான மரணங்கள் மயக்க மருந்தின்போது நேர்ந்தவை.

1948இல் தொடங்கிய பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை, நோயில்லாத குழந்தைக்குச் செய்யும் கத்னாவுக்குப் பணம் கொடுக்கவில்லை. கெயார்ட்னரின் கட்டுரையும் இதுவும் சேர்ந்து அங்கு அவ்வழக்கத்தைத் தேய வைத்தன. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கு பிள்ளைப்பேறு வீட்டை விட்டு வைத்தியசாலைக்குப் போயிருந்தது. செலவைக் காப்புறுதி ஏற்றது. தாய் வீடு திரும்புமுன் பிள்ளைக்குச் செய்து முடிக்கும் வேலைகளுள் கத்னாவும் ஒன்றாயிற்று. 1979இல் அங்கு வைத்தியசாலைகளில் பிறந்த ஆண்குழந்தைகளில் 64.5 வீதத்தினருக்கு அது செய்யப்பட்டது, 2010இல் 58.3 வீதம்.

இந்த இடைக்காலத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் வெளியிட்ட நிலைப்பாடுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது. 1971இல் பிறந்த குழந்தைக்கு வழமையாகக் கத்னா செய்வதற்குத் தகுந்த மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்றது. 1989இல் நன்மைகளும் உண்டு, தீமைகளும் உண்டு என்றது. 1999இல் நன்மைகள் இருக்கலாம், ஆயினும் எல்லோருக்கும் பரிந்துரைக்க அவை போதா என்றது. 2012இல் நன்மைகள் அபாயங்களை விஞ்சுகின்றன, எனினும் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இல்லை, முடிவு பெற்றோருடையது என்றது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் ஒன்றுசேர்ந்து, இந்த மதிப்பீட்டில் அமெரிக்கரின் கலாசாரச் சாய்வு தெரிகிறது என அக்கழகத்தின் சஞ்சிகையிலேயே எழுதினர். ஒரே கழகம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் இத்தனை முறை சொல் மாற்றியிருக்கிறது. அறிவியல் அப்படித்தான் நகரும், அதில் குற்றமில்லை. ஆனால் நகரும் ஒன்றின் மீது ஓர் இபாதத்தின் நியாயத்தைக் கட்டி வைப்பது புத்தியாகுமா?

நன்மைகள் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்றைக் கத்னா குறைக்கிறது. ஆயினும் ஒரு தொற்றைத் தடுக்க ஏறத்தாழ 100 குழந்தைகளுக்கு அதைச் செய்ய வேண்டியிருக்கும். தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடந்து 2005இலும் 2007இலும் வெளியான மூன்று ஆய்வுகள், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் அபாயத்தைக் கத்னா ஏறத்தாழ 60 வீதம் குறைப்பதைக் காட்டின. 2007இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றது. எமது மேடைகளில் அதிகம் எடுத்துக்காட்டப்படுபவை இவைதாம். அந்த ஆய்வுகளில் பங்குபற்றியோர் விளக்கம் கேட்டு, சம்மதம் தந்து, தாமாக முன்வந்த இளைஞரும் வளர்ந்த ஆண்களும் என்பது மட்டும் அங்கு சொல்லப்படுவதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அந்த ஆபத்து வர இன்னும் பல ஆண்டுகள் உள்ளன. அதுவரை பொறுத்து அவனிடமே கேட்டால் என்ன என்பதே அறவியலாளரின் கேள்வி.

வலி பற்றிய அத்தியாயம் இன்னும் துயரமானது. பிறந்த குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது என்ற நம்பிக்கை 20ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் மருத்துவரிடையே நிலவியது. இந்தியாவில் மருத்துவம் கற்ற கே. ஜே. எஸ். ஆனந்தும் அவரது சக ஆய்வாளரும் 1987இல் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. 1997இல் கனடாவில் அன்னா டடியோவும் சக ஆய்வாளரும், மரத்துப்போகச் செய்யும் மருந்தின்றிக் கத்னா செய்யப்பட்ட குழந்தைகள் நான்கு முதல் ஆறு மாதத்தில் தடுப்பூசி போடும்போது மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக வலியை வெளிக்காட்டுவதைக் கண்டனர். பூச்சு மருந்து இட்டுச் செய்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. குழந்தைக்கு நினைவிராது என்று நாம் சொல்லும் சமாதானம் இதற்குப் பிறகு நிற்காது.

2012 மே மாதம் ஜேர்மனியின் கொலோன் நகர நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முஸ்லிம்களையும் யூதரையும் நேரடியாகத் தொட்டது. நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்கு மருத்துவர் ஒருவர் கத்னா செய்தார்; இரண்டு நாட்களின் பின் இரத்தம் பெருகியது. மருத்துவரின் செய்முறையில் பிழையில்லை என்று ஏற்ற நீதிமன்றம், மார்க்கக் காரணத்துக்காகச் செய்வதே உடற்காயப்படுத்தல் என்றது. சட்டம் தெளிவற்றிருந்ததால் மருத்துவர் விடுதலையானார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜேர்மனிய நாடாளுமன்றம் பெற்றோரின் உரிமையை உறுதி செய்து சட்டம் இயற்றியது. மருத்துவ விதிகளுக்கு அமையச் செய்ய வேண்டும்; பிள்ளையின் நலனுக்குக் கேடு வரக்கூடாது; முதல் ஆறு மாதங்களுக்குள் மட்டும், மதச் சமூகம் நியமித்த பயிற்சி பெற்றவர் செய்யலாம் என்பன அதன் நிபந்தனைகள். எமது ஊர்களில் அதிகம் பேசப்பட்டது தீர்ப்பு. அதிகம் பேசப்பட்டிருக்க வேண்டியவை இந்த நிபந்தனைகள்.

ஏனெனில் அவை எமக்குப் புதியவை அல்ல. 1013ஆம் ஆண்டளவில் காலமான அந்தலூஸிய மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, தமது கிதாபுத் தஸ்ரீபின் சத்திரசிகிச்சைப் பகுதியில் கத்னாவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். முன்னோர் நூல்களில் இதுபற்றி இல்லை, நாம் அனுபவத்தால் கற்றது என்கிறார். எந்தக் கருவி நல்லது, பிள்ளையைப் பயமுறுத்தாமல் எப்படிச் செய்வது, தவறு நேர்ந்தால் எப்படிச் சிகிச்சையளிப்பது என்றெல்லாம் விளக்குகிறார். மருத்துவம் அறியாதவராக இருந்துகொண்டு மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற நபிமொழி அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் உண்டு. கத்னா செய்பவரின் பொறுப்பை இப்னு குதாமா போன்ற சட்ட அறிஞர்கள் தெளிவாகவே ஆராய்ந்துள்ளனர். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கத்னா வாஜிப். எனினும் அக்கடமை பருவமடைந்த பின்னரே கட்டாயமாகிறது. சிறுவயதில் செய்வது விரும்பத்தக்கது. தாங்க இயலாத பலவீனமான பிள்ளைக்குத் தாமதிக்க வேண்டும் என்பது இமாம் நவவி தரும் விளக்கம்.

எமது நாட்டில் ஒஸ்தா மாமா வீட்டுக்கு வந்து செய்த காலம் போய், டொக்டரிடம் கொண்டுபோகும் காலம் வந்திருக்கிறது. இடம் மாறியதாலேயே பொறுப்பு நிறைவேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. விறைப்பு மருந்து கொடுக்கப்படுமா, செய்பவர் பயிற்சி பெற்றவரா, குடும்பத்தில் இரத்தம் உறையாத நோய் உண்டா, குறைமாதப் பிள்ளைக்கு இன்னும் பொறுக்கலாமா என்ற கேள்விகளை டொக்டரிடமும் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பெற்றோர் வெட்கப்படவோ, விருந்துக்குக் குறித்த நாள் தவறிவிடுமே என்று அஞ்சவோ தேவையில்லை. நாம் கத்னா செய்வது இப்றாஹீம் (அலை) அவர்களின் வழி என்பதற்காக. அந்தக் காரணத்தைச் சொல்ல எமக்கு நியூயோர்க்கின் சாட்சியம் வேண்டியதில்லை. மருத்துவத்திடம் நாம் கேட்டு வாங்க வேண்டியது, பிள்ளை வலியின்றி, ஆபத்தின்றி மீள்வதற்கான வழியை.