பங்குப் பெட்டியில் போன குத்துவிளக்குகள்

போன வாரம் நாச்சியார்கோயிலிலிருந்து என் நண்பர் வந்திருந்தார். விளக்குப் பட்டறை வைத்திருப்பவர். காபி குடித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "சார், மறுபடியும் ரெயூனியன்லேருந்து ஆர்டர் வந்திருக்கு. நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றார். தாள் பிரெஞ்சில் இருந்தது. 2012இல் முதல் தடவை இப்படி ஒரு தாளோடு அவர் வந்ததும், அதன் பிறகு நாங்கள் பட்ட பாடும் நினைவுக்கு வந்தன. நம் பக்கத்துச் சிறு வியாபாரியின் சரக்கு எப்படிக் கடல் தாண்டுகிறது என்பதை அப்போதுதான் நான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் காரைக்காலில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. எங்கள் வகுப்பில் மட்டும் பாடம் பிரெஞ்சிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அரசாங்க குமாஸ்தா வேலை. ஓய்வு பெற்றதும் மனைவியின் ஊரான கும்பகோணத்துக்கு வந்துவிட்டேன். இங்கே என் பிரெஞ்சுக்கு வேலையே இல்லை என்று நினைத்திருந்தபோதுதான் இந்த விளக்கு வந்தது.

ரெயூனியன் இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு பிரெஞ்சுத் தீவு. 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்த பிறகு, அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் எங்கள் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1861 முதல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அவர்களை நடத்திய விதம் சரியில்லை என்று 1882இல் பிரிட்டிஷார் அதை நிறுத்தினார்கள். அந்த மக்களின் பேரன் பேத்திகள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். தமிழ் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் கோயில் போகவில்லை. காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். கோயிலுக்கு வேண்டிய விளக்கையும் விக்கிரகத்தையும் நம் ஊர்ப் பக்கம்தான் தேடுகிறார்கள்.

முதல் ஆர்டர் இதுதான்: மூன்றடிக் குத்துவிளக்கு 24, சுவாமிமலையில் வார்த்த பஞ்சலோக முருகன் ஒன்று. ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்காகக் கேட்டிருந்தார்கள். "இதை எப்படி சார் அனுப்பறது? விமானத்துல அனுப்பினா விளக்கு விலையை விடச் செலவு அதிகமாகும் போலிருக்கே" என்றார் நண்பர்.

எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். நாகப்பட்டினத்தில் வெங்காய மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 'ரஜூலா' கப்பல் ஓடிய காலம் அது. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலை இதைப் படிக்கும் பலர் பார்த்திருப்பீர்கள், சிலர் ஏறியும் இருப்பீர்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் படகில்தான் போக வேண்டும். பத்துச் சிப்பம் வைத்திருந்தவனும் அனுப்பலாம், ஆயிரம் சிப்பம் வைத்திருந்தவனும் அனுப்பலாம். ஒவ்வொரு சிப்பத்திலும் மையால் ஒரு குறி போடுவார்கள். கப்பலின் வயிற்றில் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இறங்கும் துறையில் குறியைப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். சின்ன வியாபாரிக்கென்று தனி ஏற்பாடு எதுவும் அன்று தேவைப்படவில்லை.

ரஜூலாவுக்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல் வந்தது. அது பிரான்சில் 1966இல் 'பஸ்தேர்' என்ற பெயரில் வெள்ளோட்டம் விடப்பட்ட கப்பல். பிறகு இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றியது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பல் பயணமும் முடிந்தது.

அதற்குள் உலகத்தில் சரக்கு போகும் விதமே மாறிவிட்டது. அமெரிக்காவில் லாரி கம்பெனி நடத்திய மால்கம் மெக்லீன் என்பவர், 1956 ஏப்ரல் 26இல் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கன்டெய்னர் யுகம் அங்கே தொடங்கியது. இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பல் 1973இல் கொச்சிக்கு வந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் 1983இல் திறக்கப்பட்டது. ஏற்றுக்கூலி குறைந்தது, திருட்டு குறைந்தது, கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளும் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம். இருபதடிப் பெட்டியின் உள்ளே ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம் இருக்கிறது. நாச்சியார்கோயில் பட்டறைக்காரர் அதை எதை வைத்து நிரப்புவார்? சிப்பத்தை நேரே கப்பலுக்குக் கொண்டுபோகும் வழி சிறு வியாபாரிக்கு அடைபட்டுப் போயிற்று.

அந்த வழியைத் திறந்து வைத்தவர்கள்தான் சரக்கு சேர்ப்பவர்கள். பலருடைய சிறு சரக்குகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவது அவர்கள் தொழில். சென்னை ஏஜென்டுகள் இதை 'எல்.சி.எல்.' என்கிறார்கள். ரெயூனியன்காரர் கடிதத்தில் 'குரூப்பாழ்' என்று எழுதியிருந்தார். குழுவாகச் சேர்ப்பது என்று பொருள். வேலை நடக்கும் விதம் இதுதான். சேர்ப்பவர் கப்பல் கம்பெனியிடம் முழுப் பெட்டியை வாடகைக்கு எடுக்கிறார். துறைமுகத்துக்கு அருகில் உள்ள சரக்குக் கிடங்கில் நாம் நம் மரப்பெட்டியை ஒப்படைக்க வேண்டும். கஸ்டம்ஸ் சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கன்டெய்னரில் அடுக்கி முத்திரை வைக்கிறார்கள். கப்பல் கம்பெனி சேர்ப்பவருக்கு ஒரு பெரிய ரசீது கொடுக்கிறது. அவர் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டி ரசீது கொடுக்கிறார். பெரியது மாஸ்டர் பில், குட்டி ஹவுஸ் பில். அந்தக் கரையில் இன்னொரு கிடங்கில் பிரித்து, குட்டி ரசீது காட்டுபவரிடம் சரக்கைக் கொடுக்கிறார்கள். பெரியப்பா சிப்பத்தில் மையால் போட்ட குறியின் வேலையை இன்று இந்தத் தாள் செய்கிறது.

கட்டணம் கன மீட்டர் கணக்கு அல்லது டன் கணக்கு, இரண்டில் எது அதிகமோ அது. ஒரு கன மீட்டருக்குக் குறைவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுக்கே வாங்குவார்கள். இந்தக் கணக்கைக் கேட்டதும் நண்பர் சிரித்தார். நாச்சியார்கோயில் விளக்கு ஒரே வார்ப்பு இல்லை. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே பிரபை என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மறை போட்டுத் திருகிச் சேர்ப்பது. 24 விளக்கையும் நிற்கிற மாதிரி அடுக்கினால் இரண்டு கன மீட்டர் வந்தது. கழற்றி, அடிப்பாகங்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து, தண்டுகளைக் கட்டாகக் கட்டினால் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. பாதிக் கட்டணம் மிச்சம்.

அடுத்தது பெட்டி. அவருடைய தாத்தா காலத்திலிருந்தே விளக்கை வைக்கோலில் பொதிந்துதான் அனுப்புவார்கள். நம் டெல்டாவில் வைக்கோலுக்கா பஞ்சம்! மாம்பலகையில் பெட்டி அடித்து, வைக்கோல் திணித்து லாரியில் ஏற்றினோம். சென்னைக் கிடங்கில் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வைக்கோலில் பூச்சியும் விதையும் போகும் என்று பல நாடுகள் அதை ஏற்பதில்லை. பலகையையும் சூடேற்றியோ புகையூட்டியோ பக்குவம் செய்து, கதிர் போன்ற சர்வதேச முத்திரை குத்தியிருக்க வேண்டும். 2002இல் வந்த விதி அது. புதுப் பெட்டி வாங்கி, அட்டையும் காகிதமும் வைத்து மறுபடி அடுக்க மூன்று நாள் போயிற்று. விதியை முன்கூட்டியே விசாரிக்காதது எங்கள் தவறு.

முருகனுக்கு இன்னொரு தாள் வேண்டியிருந்தது. இது பழம்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழ். நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன விக்கிரகம் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். புதிதாக வார்த்த சிலை பழையதல்ல என்று நிரூபிக்க வேண்டியது அனுப்புபவர் பொறுப்பு. "நேத்து வார்த்த முருகனுக்கு வயசுச் சான்றிதழா?" என்று ஸ்தபதி ஆதங்கப்பட்டார். அவருக்கு நான் சிவபுரத்து நடராஜரை நினைவுபடுத்தினேன். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஊர் அது. 1951இல் பூமியிலிருந்து கிடைத்த விக்கிரகங்கள் சில ஆண்டுகளுக்குப் பின் பழுது பார்க்கப் போயின. திரும்பிக் கோயிலுக்கு வந்தது நகல். அசல் நடராஜர் கடல் தாண்டிப் போய், 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986இல்தான் நாடு திரும்பினார். யாரோ சிலர் செய்த களவுக்கு, நேர்மையாக வார்க்கிற ஸ்தபதிகள் அனைவரும் இன்றைக்கும் வரிசையில் நிற்கிறார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

ஒருவழியாக டிசம்பர் முதல் வாரத்தில் கப்பல் ஏறியது. கும்பாபிஷேகம் தை மாதக் கடைசியில். நாள் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். வழியில் ஒரு துறைமுகத்தில் வேறு பெட்டிக்கு மாற்றினார்கள். அந்தப் பெட்டி ரெயூனியனில் இறங்கியதும் நின்றுவிட்டது. உள்ளே இருந்த வேறு யாரோ ஒருவருடைய சரக்கின் கணக்கு, தாளில் எழுதியபடி இல்லை என்று சந்தேகம். பிரிப்பதற்கு முன்பே சந்தேகம் வந்ததால் மொத்தப் பெட்டியும் காவலில். எங்கள் தாள்கள் சுத்தமாக இருந்தும் பயன் இல்லை.

நண்பர் தினமும் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார். நான் பிரெஞ்சில் மின்னஞ்சல் எழுதுவேன். ஒரு நாள் அவர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "கும்பாபிஷேகத்துக்கு விளக்கு கொடுக்கறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன் சார். எங்க அப்பா இப்படி ஒரு வாக்குத் தவறினதே இல்லை" என்றார். என்னிடம் பதில் இல்லை. விளக்கு இல்லாமலே கும்பாபிஷேகம் நடந்தது. பத்தொன்பது நாள் கழித்துத்தான் சரக்கு கைக்கு வந்தது. கிடங்கில் தங்கியதற்கான கட்டணமும், 'ஒக்த்ருவா த மேர்' என்று அந்தத் தீவு பழங்காலம் தொட்டு வாங்கும் கடல் வரியும் சேர்ந்தன. வரியைக் கோயில்காரர்கள் கட்டினார்கள். கிடங்குக் கட்டணத்தில் பாதியை நண்பர் தானாகவே ஏற்றுக்கொண்டார். அவருக்கு லாபம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

நியாயமா இது என்று அப்போது கொதித்தேன். பிறகு யோசித்தால், கடலில் சேர்ந்து போகிறவர்களுக்கு இது மிகப் பழைய நியதி. புயலில் கப்பலைக் காப்பாற்ற ஒருவனுடைய சரக்கைக் கடலில் வீசினால், பிழைத்த சரக்குக்காரர்கள் எல்லாரும் அந்த நஷ்டத்தைப் பங்கு போட வேண்டும். ரோட்ஸ் தீவினரின் சட்டம் என்று ரோமானியர் இதைக் குறித்து வைத்தார்கள். இன்றும் 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற பெயரில் இருக்கிறது. 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றதே, அப்போதும் கப்பல் முதலாளி இதைத்தான் அறிவித்தார். மாதிரிக்கு ஒரு மரப்பெட்டி அனுப்பியவரும் தன் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும். இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு அந்தக் கவலையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எடுக்காதவர் கைக்காசைக் கட்ட வேண்டும்.

பங்கில் போவதால்தான் சிறியவன் கடல் தாண்ட முடிகிறது. அதனால்தான் அடுத்தவனுடைய தப்பும் அவன் தலையில் விடிகிறது. கூட வருகிறவர் யார் என்று நமக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். நம் தாளைச் சுத்தமாக வைப்பது, நாளைக் கூட்டி வைப்பது, இன்ஷூரன்ஸ் எடுப்பது, இறங்கும் துறைமுகத்தில் என்னென்ன கட்டணம் உண்டு என்று முதலிலேயே எழுத்தில் வாங்குவது, இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம். இந்தக் கரையில் மலிவாகச் சொல்லி அந்தக் கரையில் வசூலிப்பது இந்தத் தொழிலில் உண்டு.

கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நாற்பத்தெட்டு நாள் மண்டல பூஜை நடக்கும் அல்லவா? அந்த மண்டல பூர்த்தியன்று 24 விளக்கையும் ஏற்றி, படம் எடுத்து அனுப்பினார்கள். காரைக்காலில் கப்பல் ஏறியவர்களின் கொள்ளுப்பேத்திகள் வரிசையாக நின்று எண்ணெய் ஊற்றுகிறார்கள். நண்பர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பட்டறையில் மாட்டியிருக்கிறார்.

போன வாரம் வந்த தாளில் 36 விளக்கு கேட்டிருக்கிறார்கள். "இந்தத் தடவை மூணு மாசம் முன்னாடியே அனுப்பிடுவோமா சார்?" என்றார் நண்பர். நாலு மாதம் என்று பதில் எழுதச் சொன்னேன். எழுதுவதும் நான்தானே, அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.