கருவிழியில் மிச்சம் எவ்வளவு?

லேசர் மூலம் கண் பவரைப் போக்கும் சிகிச்சைக்கான விளம்பரங்களில் கருவியின் பெயரும் அதன் வேகமும்தான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் கருவிழியில் கைவைத்து பார்வையைத் திருத்த முயன்ற கடந்த எண்பது ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இந்தச் சிகிச்சை பாதுகாப்பானதற்குக் கருவி ஒரு பங்கு காரணம். யாருடைய கண்ணைத் தொடக்கூடாது என்று மருத்துவர்கள் படிப்படியாகத் தெரிந்துகொண்டது அதைவிடப் பெரிய காரணம். அந்த அறிவும் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தே கிடைத்தது.

ஜப்பானில் சுடோமு சாட்டோ என்ற மருத்துவர் கிட்டப்பார்வை உள்ளவர்களின் கருவிழியில் ஆரக்கால்கள் போல வெட்டுகள் இட்டு அதைத் தட்டையாக்கினார். வெளிப்புறத்தோடு உட்புறத்திலும் வெட்டினார். பவர் குறைந்தது, நோயாளிகள் வீடு திரும்பினார்கள். கருவிழியின் உள்பக்கத்தில் இருக்கும் ஒற்றைச் செல் அடுக்குதான் அதிலிருந்து நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கிறது என்பது அப்போது தெரியாது. அழிந்தால் அந்தச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் பலருக்குக் கருவிழி நீர் கோத்து மங்கியது. 1970களில் மாஸ்கோவில் ஃபியோதரோவ் வெளிப்புறத்தில் மட்டும் வெட்டும் முறையைப் பரப்பினார், அது அமெரிக்கா வரை போனது. அங்கே நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் விடாமல் தொடர்ந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது: 43 சதவீதக் கண்கள் ஒரு பவரோ அதற்கு மேலோ தூரப்பார்வையின் பக்கம் நகர்ந்திருந்தன. ஆறாவது மாதத்தோடு கணக்கை முடித்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

கத்தியின் இடத்துக்கு ஒளி வந்த கதையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனுக்கு நடுநாயகமான இடம் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் அவர் பணியாற்றினார். 1981 நவம்பரில், நன்றிநவிலல் நாள் விருந்தில் மீந்த வான்கோழித் துண்டின் மேல் எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார்கள். சாதாரணப் பச்சை லேசர் பட்ட இடம் கருகி, ஓரங்கள் பொசுங்கிக் கிடந்தது. எக்சைமர் லேசர் பட்ட இடத்தில் உளியால் செதுக்கியதுபோல் சுத்தமான பள்ளம். அந்தக் கதிர் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்து, வெப்பம் பக்கத்தில் பரவுமுன் துகள்களை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவே போகும். 1983இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து இதைக் கருவிழியில் சோதித்த கட்டுரை வெளிவந்தது. 1988இல் அமெரிக்காவில் மார்கரீட் மெக்டொனால்ட் பார்வையுள்ள மனிதக் கண்ணில் சிகிச்சை செய்தார். கருவிழியில் மெல்லிய மூடி போல ஓர் அடுக்கைத் திறந்து, அடியில் லேசர் செலுத்தி, மறுபடி மூடும் லேசிக் முறை 1990களில் பரவியது.

இவ்வளவு நுட்பமான கருவி வந்தபின் பழைய கத்திக் காலத்து எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். வெட்டுத் தழும்புகளால் வந்த தொல்லைகள் போனது உண்மைதான். ஆனால் லேசர் எடுத்த திசுவும் திரும்ப வளர்வதில்லை. 1998இல் ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர், லேசிக் செய்த சிலரின் கருவிழி வலுவிழந்து முன்பக்கம் பிதுங்குவதைப் பதிவு செய்தார். அதன் பிறகுதான் கணக்கு கறாரானது. கருவிழியின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன். 6 மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு பவருக்குச் சுமார் 12 மைக்ரான் போகும். மூடிக்கு 120 மைக்ரான் என்று வையுங்கள். 8 பவர் உள்ளவரின் கருவிழி 470 மைக்ரான்தான் என்றால், 96ஐயும் 120ஐயும் கழிக்க மிஞ்சுவது 254. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. வரம்பின் விளிம்பிலேயே நிற்கும் அந்தக் கண்ணுக்கு 'வேண்டாம்' என்று சொல்பவரே நல்ல மருத்துவர். தடிமன் தாராளமாக இருந்தும் கருவிழியின் வடிவப்படத்தில், அது மெலிந்து பிதுங்கும் கூம்புக் கருவிழி நோயின் சாயல் தெரிந்தால் அங்கேயும் அதே பதில்தான்.

பெரும்பாலோர் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள் என்பது அடுத்த வாதம். நியாயமான வாதம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பங்கேற்று 2017இல் வெளியான ஆய்வுகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் நிறைவு தெரிவித்தார்கள். அன்றாட வேலையில் பெரும் சிரமப்பட்டவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆய்வுகளில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், கூச்சம் போன்ற புதிய தொந்தரவு ஒன்றையாவது சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸும் கிருமித்தொற்றைக் கொண்டுவரலாம் என்று சொல்வதும் சரியே. ஆனால் லென்ஸைக் கழற்றி வைக்கலாம், செதுக்கிய கருவிழியைப் பழையபடி ஆக்க முடியாது. கண்ணாடி போட்டால் நன்றாகத் தெரிகிற, நோயில்லாத கண்ணில் செய்வது என்பதால் இங்கே கேட்கும் கேள்விகள் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

ஆகவே, சிகிச்சைக்கு எண்ணியிருப்பவர்கள் பரிசோதனைக்கு முன் மருத்துவர் சொல்லும் நாட்களுக்குக் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வையுங்கள். லென்ஸ் அழுத்திய கருவிழி தவறான வடிவத்தைக் காட்டும். ஓர் ஆண்டாவது பவர் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தடிமன் எவ்வளவு, எடுக்கப்போவது எவ்வளவு, மிஞ்சப்போவது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளையும் வடிவப்படத்தையும் பத்திரமாக வையுங்கள். முதுமையில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, லேசர் பட்ட கருவிழியை வழக்கமான கணக்கில் அளந்தால் லென்ஸின் பவர் தவறிவிடும். அன்று உங்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய அளவுகளைத்தான்.