ஞாயிற்றுக்கிழமை நடுவர்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நண்பன் போன் பண்ணினான். எழுத உட்கார்ந்தால் ஹாஸ்டல் மைதானம்தான் கண்முன் வந்து நிற்கிறது. ஞாயிறு காலை வாலிபால் நம்ம பேட்ச்சில் யாருக்கு மறக்கும்? ஒருத்தன் மட்டும் சர்ச் முடிந்து பத்தரை மணிக்குத்தான் வந்து சேருவான். காமன் ரூமில் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படம் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு 'எரிக் லிடல்' என்று பெயர் வைத்துவிட்டோம். எரிக் லிடலின் கதையில் அந்தப் படம் சொன்னது பாதிதான் என்பது பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸ். நூறு மீட்டர் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மாட்டேன் என்றார் லிடல். கப்பலேறும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறது என்று படத்தில் காட்டுவார்கள். அது சினிமா. பல மாதம் முன்பே அவருக்குத் தெரியும். அந்த அவகாசத்தில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்து, 47.6 விநாடியில் தங்கம் வாங்கினார். எடின்பரோவில் பி.எஸ்ஸி. முடித்திருந்த அவர், மறு வருஷமே தான் பிறந்த ஊரான சீனாவின் தியன்சினுக்குத் திரும்பி, மிஷன் பள்ளியில் சயின்ஸ் வாத்தியார் ஆனார். 1934-ல் ஃப்ளாரன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். பிறகு, ஜப்பானியப் படைகள் சுற்றிவந்த கிராமப்புறத்தில் ஊழியம்.

1941-ல் நிலைமை மோசமானதும் கர்ப்பிணி மனைவியையும் குழந்தைகளையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் தங்கினார். மூன்றாவது மகள் அங்கே பிறந்தாள். அவள் முகத்தை அவர் கடைசிவரை பார்க்கவே இல்லை. சைட் வேலையில் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இருக்கிறவன் நான். இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1943-ல் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். சுவருக்குள்ளே ஏறக்குறைய 1,500 பேர். பெற்றோர் எங்கேயோ இருக்க, போர்டிங் ஸ்கூலோடு பிடித்து வரப்பட்ட பிள்ளைகளும் நிறைய. லிடல் அவர்களுக்குக் கணக்கும் சயின்ஸும் நடத்தினார். லேப் ஏது? கெமிஸ்ட்ரி உபகரணங்களைப் படம் படமாக வரைந்து கையாலேயே நோட்டுப் புத்தகம் தயாரித்தார். டிராயிங் ஷீட்டோடு நாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் விளையாட்டு. உடைந்த ஹாக்கி மட்டையைக் கிழிந்த துணி சுற்றி ஒட்டித் தருவாராம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கிடையாது. இதில் பிடிவாதம் அதே பிடிவாதம்தான். பிள்ளைகள் கேட்பார்களா? ஒரு ஞாயிறு தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை; ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக நின்றவர் சாட்சாத் லிடல்! தங்கப் பதக்கம் தருகிறேன் என்றபோது அசையாத மனுஷன், ஊரான் வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்றதும் இறங்கி வந்துவிட்டார். பாரிஸைவிட எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது.

மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று காலமானார். வயது 43. அன்றைக்கும் மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மரணச் செய்தி கனடா போய்ச் சேர்ந்தபோது மே மாதம் பிறந்துவிட்டது. முகாம் விடுதலையானது ஆகஸ்டில்.

நம்ம 'எரிக் லிடல்' இந்த முறை குடும்பத்தோடு வருகிறான். சந்திப்பின் இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு வாலிபால் என்று போட்டிருக்கிறார்கள். கமிட்டிக்கு ஒரு வேண்டுகோள்: பத்தரைக்கு மேல் வையுங்கப்பா.