பழைய காரும் இளைய கையும்

ஆரணி என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது பட்டு. என் ஊராகிய அந்த ஆரணியில், பாட்டியின் முகூர்த்தப் பட்டைப் பேத்தி எடுத்து உடுத்துவதைப் பெருமையாகக் கருதுவார்கள். பழமையின்மீது வைக்கும் இந்த அன்பு துணியோடு நின்றுவிடுவதில்லை. திருமண ஊர்வலத்திற்கென்று பழைய அம்பாசடரையோ, பியட்டையோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ தேடிப் பிடித்து அலங்கரிக்கும் இளைஞர்களையும் காண்கிறோம். அந்த ஆர்வத்தைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் அக்காரை ஓட்டும் இளங்கை தவறினால் அதன் விலையை யார் கொடுப்பது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் விடை தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

சென்னைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு பழமையானது. 1903-ஆம் ஆண்டிலேயே சிம்ஸன் கம்பெனியில் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார்கள். வண்டிகள் பெருகவே, 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. வண்டியைப் பதிவு செய்யவேண்டும், ஓட்டுபவர் உரிமம் பெறவேண்டும் என்று அது விதித்தது. ஆயினும் அடிபட்டவனுக்கு என்ன வழி? வழக்காடி வென்றாலும், வண்டிக்காரரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதமே.

இக்குறையை நீக்க, பிரிட்டன் 1930-இல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டிலும் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது. உலகப் போர் குறுக்கிட்டமையால், 1946 ஜூலை முதல் நாளன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது. 1956-இல் செய்த திருத்தம், விபத்து வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிவகுத்தது. 1988-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இந்த அடிப்படையையே காத்து நின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மோட்டார் காப்பீடு இருவகைப்படும். நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கானது ஒன்று. நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கிற்கானது மற்றொன்று. சட்டம் கட்டாயப்படுத்துவது இரண்டாவதை மட்டுமே. காரைக் காப்பது உரிமையாளரின் விருப்பம். வழிப்போக்கனைக் காப்பது அவர் கடமை.

இதன் அருமையை எங்கள் நெசவாளர் தெருவில் நின்று பார்த்தால் எளிதில் உணரலாம். நெசவாளருக்குத் தெரு நடக்கும் வழி மட்டுமன்று. பாவு நீட்டி வேலை செய்யும் களமும் அதுவே. அங்கே தடுமாறி வரும் ஒரு வண்டி நெசவாளர் ஒருவரின் கையை முறித்துவிட்டால், தறி நிற்கிறது. தறி நின்றால் அடுப்பும் நிற்கிறது. ஆகவேதான் இழப்பீட்டைக் கணக்கிடும்போது, பாதிக்கப்பட்டவரின் வருமானத்தோடு அவருடைய வயதையும் பார்க்கிறார்கள். இறந்தவர் 25 வயதுக்கு உட்பட்ட இளைஞராயின், குடும்பம் இழந்த ஆண்டு வருமானத்தை 18-ஆல் பெருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் வகுத்துக் கொடுத்தது. வயது ஏற ஏற அப்பெருக்கெண் குறைகிறது.

அடிபட்டவரின் வயது கணக்கில் வருகிறது. ஓட்டுபவரின் வயது வருகிறதா? பிரிட்டனில் வருகிறது. அங்கே புதிதாக ஓட்டத் தொடங்கும் இளைஞர், அனுபவமுள்ள பெரியவரைவிடப் பன்மடங்கு பிரீமியம் கட்ட நேரிடும். ஆசைப்பட்ட பழைய காரை வாங்கப் பணம் இருந்தும், காப்பீட்டுக் கட்டணத்திற்கு அஞ்சிப் பின்வாங்குபவர் உண்டு. நம் நாட்டிலோ கட்டாயக் காப்பீட்டின் கட்டணம் எஞ்சினின் அளவைக் கொண்டே வகுக்கப்பட்டது. 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 7,897 ரூபாய். பழம்பெருமைக் கார் என்று பதிவு பெற்றதற்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. ஓட்டுபவர் பதினெட்டு வயதினரா, ஐம்பது வயதினரா என்று அந்த விகிதப் பட்டியல் கேட்கவில்லை.

அப்படியானால் இளமைக்கு நம் நாட்டில் விலையே இல்லையா? உண்டு, அது முன்பணமாக வராமல், தவறு நேர்ந்தபின் வருகிறது. காரோட்ட 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அவருடைய பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவருக்கோ 25 வயது வரை உரிமம் கிடையாது. இதனினும் பெரிய சுமை ஒன்று உளது. உரிமம் இல்லாதவர் ஓட்டினார் என்பதற்காகவே காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவரைக் கைவிடலாகாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்பது மெய்ப்பிக்கப்பட்டால், கொடுத்த தொகையை அவரிடமே நிறுவனம் திரும்பப் பெறலாம். ஒருநாள் ஆசைக்குப் பரிசாக, தந்தை பல்லாண்டு சேர்த்த வீடும் தறியும் போகக்கூடும்.

பழைய காருக்கென்று அரசு 2021-இல் தனி விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டி ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பதிவு பெறலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அது சாலையில் ஓடலாம். அன்றாடப் பயணத்திற்கு ஆகாது. இவ்விதியில் பொருள் இருக்கிறது. அக்காலத்துக் கார்கள் பலவற்றில் இருக்கைப் பட்டை இல்லை. இன்றைய வண்டியைப்போல் சட்டென்று நிற்கும் பிரேக்கும் இல்லை. பழகிய கையே தயங்கும் இடத்தில், பழகாத கை என்ன செய்யும்?

இளைஞர்களே, பழைய காரை விரும்புங்கள். கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அறக்கட்டளையினர் நடத்தும் கார் அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்துக் கூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சாவியைத் திருப்புமுன் உரிமம், பதிவு, காப்பீடு ஆகிய மூன்றும் செல்லுபடியாகின்றனவா என்று பாருங்கள். அவை காவலருக்குக் காட்டுவதற்கான தாள்கள் மட்டுமல்ல. தெருவில் பாவு நீட்டும் முகமறியா ஒருவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குறுதியும் அவையே.