நாகதாளி ஒழிப்பு வரலாறு: நிலக்காவலர் கூட்டுறவு பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் பழைய வேலிகளையும் தரிசு நிலங்களையும் கண்டவர் நாகதாளியை அறிவர். சப்பாத்திக்கள்ளி எனவும் வழங்கும் இச்செடி, சங்கச் செய்யுட்களில் பாலை நிலத்தும் சுடுகாட்டின் மருங்கும் சுட்டப்பெறும் கள்ளியோடு இனத்தால் உறவுடையதன்று. இலக்கியக் கள்ளி இந்நாட்டிற்கு உரியது. ஒடித்தால் பால் வடிவது. நாகதாளியோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தது. புதிதாக வந்த பொருளுக்குப் பழம்பொருளின் பெயரையே அடைபுணர்த்து வழங்குதல் தமிழ் மரபு. மிளகாய், சீமைக் கருவேலம் முதலிய பெயர்களும் இவ்வாறு அமைந்தனவே. பெயர் பழமையுடையதாதலின் பொருளும் பழமையுடையது என்னும் மயக்கம் இதனால் எளிதில் தோன்றுகின்றது.

இவ்வயற்செடி ஒரு காலத்துத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் விளைநிலங்களை விழுங்கி நின்றது. அது பின்னர் ஒழிக்கப்பட்ட வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் வெற்றி முழுவதையும் பூச்சிகளுக்கே உரிமையாக்கினர். பூச்சியின் பங்கை மறுத்தல் எம் கருத்தன்று. எனினும், நிலத்தை உடையோரும் உழுவோரும் காப்போரும் ஆகிய நிலக்காவலர், தத்தம் எல்லையளவில் நின்று செயற்பட்ட காலமெல்லாம் தோற்றனர் என்பதும், எல்லை கடந்து ஒன்றுபட்ட பின்னரே பூச்சியும் பயன்பட்டது என்பதும் இவ்வரலாற்றுள் தெளிவாக விளங்குகின்றன. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலியும் களையும்

நாகதாளியின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். அதன் மடல் ஒன்று மண்ணில் வீழ்ந்தால் ஆங்கே வேரூன்றும். பழங்களைத் தின்னும் பறவைகள் விதைகளைத் தொலைவில் பரப்பும். வெள்ளம் மடல்களை அடித்துச் சென்று ஆற்றோரங்களில் சேர்க்கும். ஆகவே, வேலிப்பயிராக இதனை நட்டவர் தம் நிலத்தைக் காத்துக்கொண்ட அப்பொழுதே அயலார் நிலத்திற்குக் கேடு விதைத்தவராயினர். ஒருவர்க்கு வேலியாவது மற்றொருவர்க்குக் களையாயிற்று.

சோழ நாட்டில் ‘வேலி’ என்னும் சொல் அரணை மட்டுமன்றி ஏறத்தாழ 6.67 ஏக்கர் கொண்ட நில அளவையும் குறிக்கும். அரணின் பெயரே நிலத்தின் அளவுக்கும் பெயராயிற்று. தன் வேலிக்குள் தன் கடமை முடிந்தது என்று எண்ணும் மனப்பான்மை உலகெங்கும் உழவரிடை உண்டு. நாகதாளி வளர்ந்தது அம்மனப்பான்மையின் நிழலிலேயாம்.

சாயம் தேடிய முயற்சி

18ஆம் நூற்றாண்டில் கொச்சினீல் என்னும் செஞ்சாயம் பெருவிலை பெற்ற பண்டமாக விளங்கியது. கள்ளி மடல்களில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுக்கப்பெறும் அச்சாயத்தின் வாணிகம் மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. அதனை உடைக்கக் கருதிய கிழக்கிந்தியக் கும்பினியார் சென்னையில் முயன்றனர். 1780களில் கும்பினியின் மருத்துவராகிய ஜேம்ஸ் ஆண்டர்சன் இம்முயற்சியில் முன்னின்றார்; பூச்சிக்கு உணவாகும் கள்ளிகளை வளர்க்கச் சைதாப்பேட்டையில் ஒரு தோட்டமும் அமைந்தது.

1795இல் நீல்சன் என்னும் கப்பல் தலைவர் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கல்கத்தாவிற்குப் பூச்சிகளைக் கொணர்ந்தார். அவை உயர்ந்த சாயப்பூச்சிகள் என்றே கருதப்பட்டன. உண்மையில் அவை தாழ்ந்த சாயம் தரும் காட்டினம். சாயத்தொழில் செழிக்கவில்லை, ஆனால் அப்பூச்சிகள் வடஇந்தியாவில் பரவியிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தன. இதனைக் கண்டோர் 1836 முதல் 1838 வரையுள்ள காலத்தில் அப்பூச்சியைத் தென்னிந்தியாவிற்குக் கொணர்ந்தனர். 1865ஆம் ஆண்டையொட்டி அஃது இலங்கைக்கும் சென்றது. களையை ஒழிக்கும் கருத்தோடு பூச்சியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சென்ற உலகின் முதல் நிகழ்ச்சிகளுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன.

எனினும் இவ்வெற்றி அரைகுறையானது. அப்பூச்சி தனக்குரிய ஒருவகைக் கள்ளியையன்றிப் பிறவற்றை அழிக்கவில்லை. தமிழ்நாட்டு வேலிகளில் மிக்கிருந்த நாகதாளி, முள்ளும் மஞ்சட் பூவுமாக, தீண்டப்படாமலே பரவிற்று.

குவின்ஸ்லாந்தின் படிப்பினை

இதே காலத்து ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு நோக்குவோம். 1788இல் ஆளுநர் பிலிப் தலைமையில் அங்குக் குடியேறச் சென்ற கப்பல்கள், ரியோ டி ஜெனீரோவில் தங்கியபோது சாயத்தொழிலின் பொருட்டே கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிச் சென்றன. 1839இல் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலுள்ள ஸ்கோன் என்னும் ஊரில் வேறொரு கள்ளிவகை நடப்பட்டது. அதன் மடல்களை வேலிக்காகவும் அழகுக்காகவும் மக்கள் ஊர்தோறும் எடுத்துச் சென்றனர். 1900ஆம் ஆண்டளவில் அது கவர்ந்த நிலம் ஏறத்தாழ 1 கோடி ஏக்கர். 1925இல் 6 கோடி ஏக்கர். அதில் ஏறக்குறையப் பாதி, மனிதரும் மாடும் புக இயலாத முட்காடு.

இதற்கிடையே சட்டம் இல்லாமல் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1886இலேயே நாகதாளி அழிப்புச் சட்டம் இயற்றி, நிலத்தைக் கையாள்வோர் ஒவ்வொருவரும் தம் நிலத்துக் கள்ளியை அழித்தல் வேண்டும் எனப் பணித்தது. குவின்ஸ்லாந்து அரசு 1901இல் ஒழிக்கும் வழி கண்டுரைப்பார்க்கு 5,000 பவுன் பரிசு அறிவித்து, 1907இல் அதனை 10,000 பவுனாக உயர்த்தியது. பரிசு பெறுவார் எவரும் இலர். ஆர்சனிக் நஞ்சால் கள்ளியைக் கொல்ல முடிந்தது. ஆனால் ஓர் ஏக்கரைத் துப்புரவு செய்யும் செலவு அந்நிலத்தின் விலையை விஞ்சியது. உழவன் தன் பொருளையெல்லாம் செலவிட்டு வெட்டிய நிலத்தில், அயலான் விட்டுவைத்த கள்ளியின் விதையைப் பறவைகள் மறுபடியும் கொணர்ந்தன. குடும்பங்கள் பல நிலத்தைக் கைவிட்டு வெளியேறின. சட்டம் தனித்தனி மனிதரை நோக்கிற்று. செடியோ நிலப்பரப்பு முழுவதையும் நோக்கிற்று. சட்டம் தோற்றதன் காரணம் இதுவே என்பது எம் துணிபு.

1912இல் குவின்ஸ்லாந்து அரசு ஜான்ஸ்டன், டிரையன் என்னும் அறிஞர் இருவரைப் பல நாடுகளுக்கும் சென்று ஆராய்ந்து வருமாறு அனுப்பியது. இந்தியாவையும் இலங்கையையும் அவர்கள் கண்டனர். இந்நாடுகளில் முன்னர்ப் பயன்பட்ட அப்பழைய பூச்சியே குவின்ஸ்லாந்து சென்று, தனக்குரிய கள்ளிவகையை ஆங்கும் அழித்தது. 1920இல் ஆஸ்திரேலியக் கூட்டரசும் குவின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் செலவைப் பகிர்ந்துகொண்டு நாகதாளி வாரியம் ஒன்றை நிறுவின. மாநில எல்லை கள்ளிக்கு எல்லையன்று என்பதை அரசுகள் ஏற்றுக்கொண்ட ஆண்டு இது.

1925இல் ஆலன் டாட் என்னும் பூச்சியியலார் அர்ஜென்டினாவிலிருந்து அனுப்பிய ஓர் அந்துப்பூச்சியின் ஏறத்தாழ 3,000 முட்டைகள் வந்து சேர்ந்தன. சின்சில்லா முதலிய நிலையங்களில் அவை பெருக்கப்பட்டன. சில ஆண்டுகளில் 200 கோடிக்கு மேற்பட்ட முட்டைகள் வழங்கப்பட்டன. முட்டைகளைக் காகிதத் துண்டுகளில் ஒட்டி நிலமுடையோரிடம் அளித்தனர். அவர்கள் அவற்றைக் கள்ளி மடல்களில் ஊசியாற் குத்திவைத்தனர். புழுக்கள் மடலைத் துளைத்து உட்சென்று தின்றன. கள்ளிக்காடு அழுகிச் சரிந்தது. 1933ஆம் ஆண்டளவில் பெரும்பகுதி ஒழிந்தது. 1936இல் புனார்கா என்னும் சிற்றூர் மக்கள் அப்பூச்சியின் பெயரால் ஒரு நினைவு மன்றம் எழுப்பினர்.

அந்துப்பூச்சி பறக்க வல்லதாதலின் தானே பரவியிருக்கும் அன்றோ என்று வினவலாம். பரவியிருக்கும், ஆயினும் 6 கோடி ஏக்கரில் சில ஆண்டுகளுக்குள் பரவியிராது. அந்த விரைவு நிலமுடையோர் கைகளால் வந்தது. எனினும் இக்கூட்டுறவின் குறையையும் சொல்லுதல் நேர்மையாகும். அந்நிலங்கள் முதற்குடிமக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. வாரியத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

தமிழகத்திற்கு மீண்ட உதவி

குவின்ஸ்லாந்திற்குப் பூச்சியை அனுப்பிய கீழைநாடுகளுக்கு அங்கிருந்தே கைம்மாறு வந்தது. வடஅமெரிக்காவிற்குரிய மற்றொரு கொச்சினீல் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கும், இலங்கையிலிருந்து 1926இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. இது நாகதாளியைத் தின்னும் இயல்பினது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளி நீங்கியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பூச்சியியல் அறிஞர் டி. வி. இராமகிருஷ்ண ஐயர் தென்னிந்திய நாகதாளிப் பூச்சிகளைப் பற்றி 1931இல் எழுதியுள்ளார்.

இப்பூச்சியின் வாழ்வியல் நம் கருத்துக்கு வலிமை தருவது. பெண்பூச்சிக்குச் சிறகில்லை, ஒரு மடலில் ஒட்டிக்கொண்டபின் அஃது இடம் பெயராது. இளங்குஞ்சுகள் காற்றில் சிறிது தொலைவு செல்லும், அவ்வளவே. ஆதலின், பூச்சி பிடித்த மடலை வெட்டி, கள்ளி தழைத்த மற்றோரிடத்தில் வைத்தாலன்றி விரைந்த பயன் விளையாது. தன் நிலத்துக் கள்ளி அழிந்ததும் மடலை எரித்துவிட்டு அமைபவன் தன் நன்மை ஒன்றையே நாடுபவன். அதனை அடுத்த ஊருக்குக் கொடுத்தனுப்புபவன் மீண்டும் தன் நிலத்துக்குக் கள்ளி வாராமற் காத்துக்கொள்பவன். இங்கு ஒப்புரவும் தன்னலமும் ஒரே வழியிற் செல்கின்றன.

கூட்டுறவின் எல்லை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்றுபடுதல் எப்பொழுதும் நன்மையே தரும் என முடிவு கொள்ளுதல் பிழையாகும். குவின்ஸ்லாந்தில் புகழ்பெற்ற அதே அந்துப்பூச்சி 1957இல் கரிபியக் கடலிலுள்ள நீவிஸ் தீவில் விடப்பட்டது. 1989இல் அஃது அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடாவில் காணப்பட்டது. கள்ளி ஆங்கு வேற்றுச் செடியன்று, மண்ணுக்குரியது. மெக்சிகோவிலோ அஃது உணவு. நாட்டுச் சின்னத்திலும் இடம்பெற்றது. 2006இல் மெக்சிகோவின் முகேரஸ் தீவில் அப்பூச்சி தோன்றியபோது அந்நாட்டார் முனைந்து நின்று அதனை ஒழித்தனர். தீவினர்க்கு மருந்தாகக் கருதப்பட்டது அயல்நாட்டார்க்கு நோயாயிற்று. பூச்சி சென்று சேரக்கூடிய நிலத்தார் அனைவரும் கலந்துகொள்ளாத முடிவின் விளைவு இது. செடி பரவும் எல்லையளவு மட்டுமன்றி, அதற்குரிய மருந்து பரவும் எல்லையளவும் கூட்டுறவு விரிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சி இற்றை நாளுக்கும் பயன்படுவது. 1870களில் விறகின் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் புகுத்தப்பட்ட சீமைக் கருவேலம் இன்று கண்மாய்களிலும் ஆற்றுப்படுகைகளிலும் தரிசுகளிலும் நிறைந்துள்ளது. தமிழ்நாட்டரசு 2022இல் அயல்வந்த ஆக்கிரமிப்புத் தாவரங்கள் பற்றிய கொள்கையொன்றை வெளியிட்டது. கண்மாய் ஒரு துறையினதாகவும், கரை வேறொரு துறையினதாகவும், அடுத்த வயல் தனியார்க்குரியதாகவும் இருக்க, ஓரிடத்து வெட்டிய மரம் மற்றோரிடத்து விதையால் மீள்வது இயற்கை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்களைக் கூறினும், அவற்றை ஒரே ஊர்ச்சபை தேர்ந்தெடுத்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. துறைகள் பலவாகலாம், அவற்றை ஒருங்கு நோக்கும் அவை ஒன்று வேண்டும். அவ்வவையில் இராமநாதபுரம் முதலிய பகுதிகளில் அம்மரத்தைக் கரியாக்கிப் பிழைப்போரும் இடம்பெறுதல் வேண்டும். அவர்க்கு அம்மரம் களையன்று, கூலி. அவர்களை விலக்கி எடுக்கப்படும் முடிவு, நாகதாளியை வேலியாகக் கொண்டோரை எண்ணாது இயற்றிய பழைய சட்டங்களைப் போன்றே ஏட்டளவில் நின்றுவிடும்.