நாளச் சுவரின் பங்கு

மூளையின் இரத்த நாளங்களைக் குழாயாகவும் காவல் மதிலாகவும் மட்டுமே கருதும் வழக்கம் மருத்துவத்தில் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அதற்கு எதிரான சான்றோ முன்னதாகவே கிடைத்துவிட்டது. 1863-இல் ஜெர்மன் நோயியலாளர் ரிண்ட்ஃபிளைஷ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயின் தழும்புகளின் நடுவே இரத்த நாளம் ஓடுவதையும் அதன் சுவர் மாறியிருப்பதையும் பதிவுசெய்தார். 1867-இல் பெர்லினில் நோயியலாளர் கோன்ஹைம், தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து, வெள்ளணுக்கள் நாளத்தின் உட்புறத்தில் ஒட்டிப் பிறகு சுவரைத் துளைத்து வெளியேறுவதைக் கண்டார். அழற்சியின் வேர் நாளச் சுவரின் மாற்றத்தில் இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

அந்த வாதம் ஏன் பின்தங்கியது? ஒரு காரணம் உயிரியலாளர் மெச்னிகோஃப். கிருமியை விழுங்கும் செல்களை அவர் கதாநாயகர்களாக்கியதும் சுவர் வெறும் மேடையாகிவிட்டது. மற்றொன்று சாயச் சோதனைகள். 1885-இல் எர்லிஹ் இரத்தத்தில் செலுத்திய சாயங்கள் பல உறுப்புகளில் ஏறின, மூளையில் ஏறவில்லை. 1967-இல் ரீஸும் கர்னோவ்ஸ்கியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, அந்தத் தடுப்பு நாளத்தின் உட்சுவர்ச் செல்களை இணைக்கும் இறுக்கமான பொருத்துகளில் இருப்பதைக் காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்புதான், ஆனால் செல்கள் என்ன செய்கின்றன என்பதைவிட எதைத் தடுக்கின்றன என்பதே பேச்சாகிப்போனது. 1948-இல் உயிரியலாளர் மெடவர், முயல் மூளையில் பதித்த அந்நியத் தோல் பிழைத்ததாகக் காட்டியதும் மூளை ஒரு மூடிய கோட்டை என்ற எண்ணத்துக்கு வலுச்சேர்த்தது. அதே தோலை முன்பே எதிர்கொண்டிருந்த முயல்களின் மூளை அதை நிராகரித்தது என்ற பாதியைப் பலர் மறந்தே போனார்கள்.

அழற்சியில் வெள்ளணுதான் குற்றவாளி, சுவர் அடிபட்ட அப்பாவி என்று ஒருவர் மறுக்கலாம். ஓரளவு நியாயமான மறுப்பு. ஆனால் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் வரும் இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிச் செய்தியைப் பெறும் மூளை நாளச் செல்களே புரோஸ்டாகிளாண்டின் இ2-வைச் சுரந்து, மூளை நிர்ணயிக்கும் உடல் வெப்ப அளவை உயர்த்த உதவுகின்றன. வெள்ளணு மூளைக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. நுழையும்போதும் சுவர் சும்மா இருப்பதில்லை. விகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை வெளிக்காட்டி அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது. வெள்ளணுவில் அதனோடு ஒட்டும் ஆல்ஃபா-4 புரதத்தை மறைக்கும் நாட்டலிசுமாப் என்ற மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் மருந்து 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை எடுத்த சிலருக்கு அரிய மூளை வைரஸ் நோய் தோன்றியதால் 2005-இல் நிறுத்தப்பட்டு, 2006-இல் கடுமையான கண்காணிப்போடு திரும்பியது. அந்தத் தடங்கல் மருந்தின் கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. வைரஸை அடக்கும் காவல் செல்களை மூளைக்கு அனுப்புவதும் இதே சுவர்தான் என்பதையே காட்டியது.