ஸ்பெயின் தேசத்துத் தவறணைச் சிற்றுண்டி

ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்திலுள்ள செவில் நகரத்திலே, 1670 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதெனக் கூறப்படும் எல் ரின்கொன்சில்லோ என்னும் பழைய தவறணை ஒன்று உண்டு. மாலை வேளையில் அங்கு வருவோர் கீழ்மாடியில் ஆசனம் தேடுவதில்லை. நீண்ட மரமேசை அருகே நின்றபடியே சிறு கிண்ணம் ஒன்றில் திராட்சை மதுவை வாங்குவர். அதனோடு உள்ளங்கையளவான தட்டொன்றில் கீரையும் கடலையும் சேர்த்து ஆக்கிய கறியோ, உப்பிட்டு உலர்த்திய மீனின் பொரித்த துண்டோ வந்து சேரும். விற்பனையாளர் ஒவ்வொரு தட்டின் விலையையும் வெண்கட்டியால் அம்மேசை மீதே எழுதி வைப்பார். புறப்படும்போது கூட்டிப் பணம் பெற்றுத் துடைத்து விடுவார். வந்தவர்களோ அயலவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த தெருவிலுள்ள இன்னொரு தவறணைக்கு நடப்பர். அங்கும் ஒரு கிண்ணம், ஒரு சிறு தட்டு. இவ்வாறு கடைக்குக் கடை சென்று சிறிது சிறிதாக உண்பதே அந்நாட்டவர் இரவுணவுக்கு முன் கொள்ளும் பொழுதுபோக்காகும். அச்சிறு தட்டுணவுக்குத் ‘தாப்பா’ என்று பெயர். பன்மையில் ‘தாப்பாஸ்’ என்பர்.

மது விற்கும் இடத்தைப் பற்றி வானொலியில் பேசுவதா என முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். அவர்கள் கிண்ணத்தை விடுத்துத் தட்டை மட்டும் நோக்குவாராக. ஐந்நூறு ஆண்டுக் காலத்து வரலாறு அத்தட்டில் இருக்கிறது.

‘தாப்பா’ என்னும் சொல்லுக்கு ‘மூடி’ என்பதே பொருள். ஈயும் தூசியும் விழாதபடி மதுக்கிண்ணத்தின் வாயைப் பாண் துண்டினாலோ பன்றித்தொடை இறைச்சியின் மெல்லிய சீவலினாலோ மூடிக் கொடுத்தனர் என்றும், மூடியாக வந்தது நாளடைவில் உணவாயிற்று என்றும் சொல்வர். இதனை நம்புவது எளிது. ‘தபெர்னா’ என்று ஸ்பானியர் வழங்கும் சொல்லின் போர்த்துக்கேய உறவான ‘தவெர்னா’ என்பதே இலங்கைத் தமிழில் ‘தவறணை’ ஆயிற்று. பாண், குசினி, வினாகிரி என்பனவும் அவ்வழியே வந்து சேர்ந்த சொற்கள்தாம். ஆகவே ஒரு ஸ்பானியச் சமையலறையில் இலங்கைத் தமிழர் முற்றிலும் அந்நியராக நிற்க வேண்டியதில்லை.

தாப்பாவின் பிறப்பைக் கூறும் கதைகள் இரண்டு பெருவழக்காக உள்ளன. முதலாவது, 13 ஆம் நூற்றாண்டில் கஸ்தீல் நாட்டை ஆண்டவனும் ‘அறிஞன்’ எனப் பட்டம் பெற்றவனுமான பத்தாம் அல்போன்சோவைப் பற்றியது. நோயுற்ற அம்மன்னன் சிறு சிறு உணவுத் துண்டுகளோடு மதுவை அருந்திக் குணமடைந்தானாம். பின்னர், உணவின்றி மது விற்றலாகாது என விடுதிகளுக்கெல்லாம் ஆணையிட்டானாம். இரண்டாவது, 1931 வரை அரசாண்ட பதின்மூன்றாம் அல்போன்சோவைப் பற்றியது. காடிஸ் நகரக் கடற்கரை விடுதியில் காற்று மணலை வாரி வீச, பணியாளன் ஒருவன் அரசனுடைய கிண்ணத்தை இறைச்சிச் சீவலால் மூடினான். அரசன் சுவைத்து மகிழ்ந்து, ‘மூடி’யோடு இன்னொரு கிண்ணம் கேட்டான் என்பது கதை. இரண்டுக்கும் உறுதியான ஆவணச் சான்று எவரும் காட்டியதில்லை. இவ்வுணவைக் குறிக்கும் பொருளில் ‘தாப்பா’ என்னும் சொல் அகராதியில் ஏறியதும் 20 ஆம் நூற்றாண்டிலேயே. ஏழை எளியவர் அன்றாடம் செய்துவந்த ஒன்றுக்கு அரசன் ஒருவனைத் தந்தையாக்கி வைப்பது எல்லா நாட்டுக் கர்ணபரம்பரைக் கதைகளுக்கும் உள்ள வழக்கமே.

கதையாயினும் இவற்றிலும் நம்பத்தக்க சான்றொன்று வேறிடத்தில் உண்டு. மிகேல் தெ செர்வாந்தேஸ் எழுதிய ‘டொன் குவிக்சோட்’ என்னும் புகழ்பெற்ற நவீனத்தின் இரண்டாம் பாகம் 1615 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் 54 ஆம் அத்தியாயத்திலே, வீரனின் பணியாளனாகிய சாஞ்சோ தனியே வழிச்செல்லும்போது வெளிநாட்டு யாத்திரிகர் கூட்டம் ஒன்றை எதிர்கொள்கிறான். அவர்களுள் ஒருவன் சாஞ்சோவை இறுகத் தழுவிப் பெயர் சொல்லி அழைக்கிறான். உற்று நோக்கிய பின்னரே சாஞ்சோவுக்கு ஆள் தெரிகிறது. அவன் ரிக்கோத்தே, சாஞ்சோவின் சொந்தக் கிராமத்திலே கடை வைத்திருந்த அயலவன், நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட மொரிஸ்கோ. ஜெர்மானிய யாத்திரிகனைப்போல் வேடம் பூண்டு, உயிருக்குத் துணிந்து திரும்பி வந்திருக்கிறான்.

அனைவரும் சோலை ஒன்றில் அமர்கின்றனர். புல்தரையே மேசைவிரிப்பு. பாண், உப்பு, அக்ரூட் கொட்டைகள், பாற்கட்டிச் சீவல்கள், உலர்ந்த ஒலிவக்காய்கள், மீன்முட்டையால் ஆன கறுப்பு நிறப் பண்டம், தசை எல்லாம் போய் உறிஞ்சுவதற்கு மட்டும் உதவும் பன்றித்தொடை எலும்புகள் என்பன பரப்பப்படுகின்றன. தாகத்தைத் தூரத்திலிருந்தே கூவியழைக்கும் பண்டங்கள் இவை என்னும் கருத்தை ஆசிரியர் நகைச்சுவையோடு குறிக்கிறார். அவர்கள் அவசரமின்றி, கத்தி நுனியால் எடுத்து, ஒவ்வொன்றிலும் மிகச் சிறிதாக உண்டனர் என்றும் எழுதுகிறார். இன்று செவில் நகரத்து மேசையருகே நடப்பதும் இதுவேயன்றி வேறன்று. பெயர்தான் அன்று இருக்கவில்லை.

அந்த விருந்தில் பன்றி எலும்பு ஏன் இருந்தது என்பதை அக்காலத்து வாசகருக்கு எவரும் விளக்க வேண்டியிருந்திராது. 1492 ஆம் ஆண்டு சனவரியில் முஸ்லிம்களின் கடைசி அரசாகிய கிரனாடா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. அதே ஆண்டு மார்ச்சு மாதம், மதம் மாற மறுக்கும் யூதர்கள் யாவரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் முஸ்லிம்களுக்கும் அதே கதி: ஞானஸ்நானம் பெறுதல், அன்றேல் வெளியேறுதல். அவ்வாறு மதம் மாற்றப்பட்டவர்களையும் அவர் சந்ததியாரையுமே மொரிஸ்கோக்கள் என்றனர். மாறியவர் மெய்யாகவே மாறினரா என்று அறிய மதவிசாரணை மன்றம் அவர்களுடைய குசினிக்குள் நுழைந்தது. பன்றியிறைச்சியை உண்ண மறுத்தல் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாயிற்று. பன்றிக்கொழுப்பை விடுத்து எண்ணெயில் சமைத்தலும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. மதம் மாறிய யூதர் இறைச்சியை எண்ணெயில் வதக்குவதையும் அதன் மணத்தையும் அக்காலத்து வரலாற்றாசிரியரான அந்திரேஸ் பெர்னால்தேஸ் என்னும் குருவானவர் வெறுப்போடு குறித்து வைத்துள்ளார். அன்று ஒருவனைக் காட்டிக்கொடுத்த அந்த ஒலிவ எண்ணெயே இன்று ஸ்பானியச் சமையலின் பெருமை எனப் போற்றப்படுகிறது. பெர்னால்தேஸ் இன்றைய செவிலில் ஒரு மாலைப்பொழுது நடந்தால் எத்தெருவிலும் மூக்கைப் பொத்திக்கொள்ளவே நேரிடும்!

வாசல் தெரிய, உத்தரத்திலிருந்து பன்றித்தொடைகளைத் தொங்கவிடும் வழக்கம் இன்றும் தவறணைகளில் உண்டு. சுவையே அதற்குப் போதிய காரணமாகலாம். ஆயினும் ஒரு துண்டு இறைச்சியைப் பலர் காண உண்பது, தான் பழைய கிறித்தவனே எனப் பறைசாற்றும் செயலாக நெடுங்காலம் இருந்ததென்பதையும் மறத்தலாகாது. ரிக்கோத்தேயின் யாத்திரிக வேடத்துக்கு அவ்வெலும்பும் துணையாயிற்று.

உண்டு காட்டியும் பயனில்லாமற் போயிற்று. மூன்றாம் பிலிப்பு மன்னன் 1609 ஆம் ஆண்டில் மொரிஸ்கோக்களை நாடுகடத்தக் கட்டளையிட்டான். 1614 வரையில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர். போர்த்துக்கல்லின் முடியும் 1580 முதல் 1640 வரை ஸ்பானிய மன்னரிடமே இருந்தது. ஆதலால் 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமானபோது, அதுவும் இதே மூன்றாம் பிலிப்பின் பெயராலேயே நிகழ்ந்தது. இலங்கை முஸ்லிம்களை ‘மூர்’ என அழைத்த போர்த்துக்கேயர், 1626 ஆம் ஆண்டில் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து அவர்களையும் வெளியேற்றினர். கண்டியரசன் செனரத் அவர்களை ஏற்று மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். ரிக்கோத்தேயின் துயரம் எங்கோ தொலைதூரத்துக் கதை மட்டும் அன்று.

மனிதரைக் கப்பலேற்றிய அரசனால் சொற்களைக் கப்பலேற்ற இயலவில்லை. தவறணையில் முதலில் வரும் ஒலிவக்காயை ஸ்பானியர் ‘அஸெய்த்தூனா’ என்பர். அரபு மொழியின் ‘ஸைத்தூன்’ அது. கொத்திறைச்சி உருண்டைக்கு ‘அல்போந்திகா’ என்று பெயர். அரபியில் ஒருவகைச் சிறு கொட்டையைக் குறிக்கும் ‘புந்துக்’ என்பதன் வழிவந்தது. இன்று அவ்வுருண்டையில் பன்றியிறைச்சியையும் கலக்கின்றனர். பெயர் மட்டும் பழைய மதத்தை விடவில்லை. பொரித்த மீனை வினாகிரியில் ஊறவைத்துச் செய்யும் ‘எஸ்கபெச்சே’, பாரசீக அரசவையில் விரும்பப்பட்ட ‘சிக்பாஜ்’ என்னும் புளிப்புக் கறியின் பேர்த்தி. கத்தரிக்காய்க்கு வழங்கும் ‘பெரென்ஹேனா’ இந்தியாவிற் பிறந்து, பாரசீகமும் அரபும் கடந்து அங்கு சென்ற சொல். செவில் நகரத் தெருவோரங்களில் நிற்கும் தோடை மரத்தின் கனி ‘நாரன்ஹா’; தமிழின் நாரத்தையோடு அது உறவுடையதென மொழியறிஞர் கருதுவர்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் இத்தட்டை மேலும் நிறைத்தன. எனினும் உருளைக்கிழங்கு முட்டைப் பொரியல் செழிப்பிற் பிறந்ததன்று. நவார்ரா மாகாணத்தில் 1817 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு முறைப்பாட்டு மனு, மலைநாட்டு உழவரின் வறுமையை எடுத்துரைக்குமிடத்து, இரண்டு மூன்று முட்டைகளைக் கொண்டு ஐந்தாறு பேருக்கு உணவாக்கும் பொருட்டு அவர்தம் மனைவியர் உருளைக்கிழங்கையும் பாண் துணுக்கையும் கலந்து பெருக்குவர் என்கிறது. இன்று அது இல்லாத தவறணையைக் காண்டல் அரிது.

உள்நாட்டுப் போர் 1939 இல் முடிந்தபின் நேர்ந்த பஞ்சத்தில் அதற்கும் வழியில்லாமற் போயிற்று. 1952 வரையில் உணவுப் பங்கீட்டு அட்டை நடைமுறையில் இருந்தது. கூப்பன் காலத்தை அறிந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. அந்நாளில் கிழங்கும் முட்டையும் இல்லாமலே அப்பொரியலைச் செய்யும் முறையைச் சமையல் நூல் ஒன்று கற்பித்தது: தோடம்பழத் தோலின் உட்புற வெண்சதையை ஊறவைத்து நறுக்கிக் கிழங்கின் இடத்தில் இடுவர், மாவும் நீரும் முட்டையின் இடத்தில். இதனை உண்டவர்கள் சுவையைப் பற்றி என்ன கூறியிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று.

வடக்கே சான் செபஸ்தியான் நகரத்தில் ஒலிவக்காய், பச்சை மிளகாய், உப்பிட்ட நெத்தலி மூன்றையும் ஒரு பற்குச்சியிற் கோத்து ‘கில்டா’ என்றனர். 1946 இல் வெளிவந்த அப்பெயருடைய அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகி ரீட்டா ஹேவொர்த். அவருடைய தந்தையார் ஸ்பானியர். படத்தைக் குருமார் கண்டித்தனர். குச்சியை எவரும் கண்டிக்கவில்லை.

2015 ஆம் ஆண்டில் ஸ்பானியப் பாராளுமன்றம் சட்டமொன்றை நிறைவேற்றி, 1492 இல் துரத்தப்பட்ட யூதரின் சந்ததியார் குடியுரிமை கோரலாம் என வழிசெய்தது. விண்ணப்பிக்கும் காலம் 2019 இல் முடிவடைந்தது. மொரோக்கோவிலும் துனீசியாவிலும் வாழும் மொரிஸ்கோச் சந்ததியாருக்கு அத்தகைய சட்டம் அப்போது இயற்றப்படவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய அநீதிக்குப் பரிகாரம் தேடுவோர், நானூறு ஆண்டுகளுக்கு முந்தியதை ஏன் விட்டனர் என்னும் வினாவை அச்சந்ததியார் எழுப்பினர். நியாயமான வினாவே அது.

செர்வாந்தேஸின் சோலையில் அன்று யாத்திரிகர்கள் குடித்து உறங்கிவிட, குறையக் குடித்த இருவர் மட்டும் விழித்திருந்தனர். மர நிழலொன்றில் ஒதுங்கியமர்ந்து, ரிக்கோத்தே பிறழாத கஸ்தீலிய மொழியிலே தன் கதையைச் சொன்னான். எங்குச் சென்றாலும் தம்மவர் பிறந்த நாட்டை எண்ணி அழுவதைச் சொன்னான். தான் புதைத்து வைத்த பொருளைத் தோண்டியெடுக்கத் துணைவந்தால் சாஞ்சோவுக்குப் பங்கு தருவதாகவும் கூறினான். அரசனின் பகைவனுக்கு உதவுதல் துரோகமாகும் என்று சாஞ்சோ மறுத்தான்; ஆனால் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன் என்றான். பின்னர் அவ்வயலவர் இருவரும் தழுவிக்கொண்டனர். சாஞ்சோ தன் கழுதை மீதேறினான்; ரிக்கோத்தே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மற்றத் திசையாக நடந்தான்.